தொண்ணூற்றைந்தில் நின்ற கை

எங்கள் கிளப்பில் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களில் யார் முதல், யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை நடக்கும். லேசுப்பட்ட சண்டை இல்லை. ஒருமுறை டாக்டர் காபி டம்ளரையே விட்டெறிந்தார். முதலிடம் ஜின்னிங் ஃபாக்டரி ரத்தினசாமிக்கு. அதை அவரே சொல்லுவார், மறுக்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. இரண்டாவது டாக்டர். மூன்றாவது நான் என்று நான் சொல்வேன். நாலு மெஷின் வைத்து பனியன் கம்பெனி நடத்தியவன் நான், பேர் நாச்சிமுத்து. கம்பெனியில் ஒரு டஜன் பனியன் ஓட்டை விழுந்து வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னை நாலாவது என்று எவனாவது சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவேன்.

நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போது மார்க்கர் சுவரோரம் நின்று பந்துகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆடுகிறவர் பேரோடு புள்ளிகளை உரக்கச் சொல்வதும், பலகையில் முள்ளை நகர்த்துவதும் அவர் வேலை. அம்பத்தஞ்சாம் வருஷம் சேர்ந்தவர். எல்லோரும் அவரை மார்க்கர் என்றுதான் கூப்பிடுவோம். பத்து வருஷத்துக்கு மேல் அவர் பேர் என்னவென்று நான் கேட்டதில்லை. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

மெம்பருக்கு ஜோடி கிடைக்காத நாளில் மார்க்கர் கூட ஆடுவார். நூறு புள்ளி ஆட்டம். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மார்க்கர் மெம்பரை ஜெயிக்கக் கூடாது. படுமோசமாகத் தோற்கவும் கூடாது, மெம்பருக்குச் சலித்துப்போகும். ஆகவே அவர் தொண்ணூற்றைந்து வரை வந்து, ஒரு சுலபமான பந்தைத் தவறவிடுவார். மெம்பர் நூறு அடித்து முடிப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பழைய செகரட்டரி சொல்லிக்கொடுத்ததாம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, “மார்க்கரையே அஞ்சு பாயிண்டுல அடிச்சனாக்கும்” என்று ஞாயிற்றுக்கிழமை மார்தட்டுவோம். என்னுடைய மூன்றாவது இடம் அப்படி வந்ததுதான்.

அறுபத்தாறு ஐப்பசியில் ஒரு மதியம், நூல் மூட்டை வரத் தாமதமானதால் கிளப் பக்கம் போனேன். ஆள் இல்லாத நேரம். உள்ளே பந்து மோதுகிற சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தால், மார்க்கர் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார். அடடா, அது என்ன ஆட்டம்! சிவப்புப் பந்து அவர் நினைத்த குழியில் நினைத்தபடி விழுந்தது. வாய்க்குள்ளேயே புள்ளி எண்ணிக்கொண்டு வந்தவர், கடைசிப் பந்தை அடித்துவிட்டு, யார் காதிலோ ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: “பக்கீர் முகமது, நூறு.”

அவர் பேர் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

என்னைப் பார்த்ததும் பதறி, குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. செகரட்டரி அய்யாகிட்ட சொல்லிப்போடாதீங்க.”

“நான் எதுக்குச் சொல்றேன்? இத்தன ஆட்டத்தையும் உள்ளாற வெச்சுக்கிட்டு எப்படிய்யா சும்மா நிக்கிறே?”

“பழகிப்போச்சுங்க.” கொஞ்ச நேரம் மேசையின் பச்சைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். “ஊரு பேரெல்லாம் நாந்தானுங்க சத்தமாச் சொல்றேன். என்ற பேரையும் ஒரே ஒருக்கா, ஆளுக இருக்கறப்ப, நூறுன்னு சத்தமாச் சொல்லிப் பாக்கோணுங்க. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க.”

அடுத்த தை மாதம் கல்கத்தாவிலிருந்து பனியன் வாங்க ஒரு சேட் வந்தார். பில்லியர்ட்ஸில் பெரிய கை. ரத்தினசாமியை நூற்றுக்கு நாற்பத்தொன்றில் உட்காரவைத்தார். டாக்டருக்கு உடனே தலைவலி வந்துவிட்டது. எனக்கு மெஷின் ரிப்பேர் ஞாபகம் வந்தது. கிளப் மானம் போகிறதே என்று ரத்தினசாமிதான் சொன்னார்:

“நம்ம மார்க்கர ஆட உடுங்க. ஜெயிச்சா கிளப்புக்குப் பேரு. தோத்தா மார்க்கர்தானேன்னு சொல்லிக்கலாம்.” மார்க்கர் பக்கம் திரும்பி, “இன்னிக்கு ஒண்ணும் பாக்காத. ஜெயிச்சுப் போடு” என்றார்.

பக்கீர் முகமது கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். குச்சியை எடுக்கும் முன் என்னை ஒருதரம் பார்த்தார்.

அன்று அவர் ஆடியதை நான் பார்த்த எந்த ஆட்டத்தோடும் சேர்க்க முடியாது. சேட்டே “வாஹ்” என்றார். தன் புள்ளியையும் சேட் புள்ளியையும் தானே சொல்லிக்கொண்டு, தானே முள்ளை நகர்த்திக்கொண்டு ஆடினார். தொண்ணூற்றைந்து – எழுபத்திரண்டு. சிவப்புப் பந்து குழியின் வாயிலேயே நின்றது. ஊதினால் விழும். அது மூன்று, பிறகு ஒரு இரண்டு, அவ்வளவுதான்.

குனிந்தார். அடித்தார். பந்து விளிம்பில் பட்டு விலகிப்போனது.

பன்னிரண்டு வருஷமாக எங்களுக்காக எப்படித் தவறவிட்டாரோ, அச்சு அசலாக அதேபோல.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேட் ஒரே மூச்சில் இருபத்தெட்டை அடித்து முடித்தார். வழக்கமான குரலில் மார்க்கர் அறிவித்தார்: “சேட் நூறு. மார்க்கர் தொண்ணூத்தஞ்சு.”

பிறகு என்னிடம் வந்து, “வேணும்னு தவற உடலீங்க மொதலாளி. சத்தியமா இல்லீங்க. கை கேக்கலீங்க” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சண்டை ஆரம்பித்தது. யாரோ மார்க்கர் பேச்சை எடுத்தார்கள். “என்னதான் இருந்தாலும் தோத்தவன் பேரு எதுக்கு?” என்றார் ரத்தினசாமி. முதல் இடம் மார்க்கருக்குத்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் மூன்றாவது இடம் என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தேன். சுவரோரம் அவர் பந்து துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

எழுபத்துநாலில் கண் மங்கிப்போய் வேலையை விட்டுவிட்டார். எனக்கு மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. விசாரித்துக்கொண்டு, காங்கயம் ரோட்டுச் சந்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி சைதுன்னிசா பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“ஏனுங்க, நீங்க பெரிய ஆட்டக்காரருன்னு சொல்லுவாருங்க. உங்ககிட்டயே கேக்கறேன். இவரு நெசமாலுமே ஆடுவாருங்களா? இல்ல, எண்ணிக்கை மட்டும் சொல்றவருங்களா?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தே திரும்பிப் பார்க்கும்படி, கிளப்பில் அவர் சொல்கிற அதே ராகத்தில் கத்தினேன்: “பக்கீர் முகமதூ... நூறு!”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“தப்புங்க மொதலாளி” என்று குரல் வந்தது. “தொண்ணூத்தஞ்சுங்க.”