பிடுங்கிப் பார்த்த பதியன்

என் கணவர் மேல் எனக்கு இன்னமும் கோபம்தான். நாளானால் ஆறும் என்றார்கள், ஆறவில்லை.

அவர் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தவர். ரிட்டயர் ஆகும் மாதம் நெருங்கியபோதே குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் தேதியும் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் மின்விசிறியில்கூடக் கம்பெனி நம்பர் எழுதியிருக்கும். நம்பர் இல்லாமல் எனக்கென்று இருந்தது, கல்யாணமாகி வந்த வருஷம் நான் வைத்த அடுக்கு நந்தியாவட்டை ஒன்றுதான். ஜன்னலைத் தாண்டி வளர்ந்துவிட்ட அதைப் பெயர்த்தால் பிழைக்காது. கொம்பு ஒடித்து நட்டும் பார்த்தேன், இரண்டு முறை பட்டுப்போனது. அதனால் பதியன் போட்டேன்.

தரையை ஒட்டிய மூன்று கிளைகளை வளைத்து, அடிப்பக்கம் கணுவருகே பட்டையைச் சீவி, மண்ணுக்குள் அழுத்தி, மேலே செங்கல் வைத்தேன். ஈரம் காயாமல் இரண்டு மாதம் கை படாமல் விட்டால், தாய்ச்செடியின் தயவில் கிளை தானாக வேர் விடும். அப்புறம் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். காலி செய்ய இரண்டரை மாதம் இருந்தது.

ஆனால் செங்கல் தினமும் இடம் மாறிக் கிடந்தது. பெருச்சாளி வேலை என்று பொறி வைத்தேன். தேங்காய்ச் சில்லு வீணானதுதான் மிச்சம்.

ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து அவர் வரும் நேரம். அடுப்படி ஜன்னல் வழியே பார்த்தால், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குத்துக்காலிட்டு, கிளையை மண்ணிலிருந்து உருவி, கட்டைவிரலால் துடைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

“என்ன பண்றீங்க?” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

“வேர் வுட்டிச்சான்னு பாக்க வேணாமா? டெய்லி பாத்துக்கினுதான் இருக்கேன்.” இதில் பெருமை வேறு.

“தெனம் புடுங்கிப் பாத்தா அது எங்கங்க வேர் விடும்?”

“பாக்காம வுட்டா கெட்டுப்போனது எப்படித் தெரியும்?”

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நூல் மாதிரி வரும் வேரைத் தினம் ஒருவர் அறுத்துக்கொண்டிருந்தால் எப்படிப் பிழைக்கும்? தினம் சோதித்துப் பார்க்க இது செடியா, பெல்ட்டுக்கு அடியில் ஓடும் உருளையா? கிளையைத் திரும்ப மண்ணில் அழுத்திச் செங்கல் வைத்தேன், ஆனால் மிச்சமிருந்த நாள் வேர் விடப் போதாது.

காலி செய்யும் அன்று தோண்டினேன். இரண்டு கிளை அழுகியிருந்தது. மூன்றாவதில் சீவிய இடம் லேசாகப் புடைத்திருந்தது, வேர் இல்லை. வெட்டினால் சாகும், விட்டால் அடுத்து வருகிறவருடையது. பழையபடி மண்ணைப் போட்டு மூடினேன், சாவியைக் கொடுத்தோம். வண்டியில் ஏறியதும், “நர்சரில நூறு செடி கெடைக்கும், வாங்கிக்கலாம்” என்றார்.

நாங்கள் குடிவந்த மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டு வாசலில் மண் நிரப்பிய தொட்டி ஒன்று சும்மாவே கிடக்கிறது. அவருக்கு இப்போது ஷிஃப்ட் கிடையாது, நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். நான் எந்தத் தைரியத்தில் அதில் செடி வைப்பேன்?