அடுப்படிக்குப் போன சிவப்புத் துணி

குமுதாவுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. வீடு துடைக்கக் கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்டாலும் "செஞ்சிடலாம்க்கா" என்பாள். பாயான் லெப்பாஸ் பக்கத்துத் தொழிற்சாலையில் அவள் வேலை செய்த பிரிவை மூடிவிட்ட பிறகு, அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஆயர் ஈத்தாமிலிருந்து டவுன் வரைக்கும் வீடு வீடாகப் பிடித்தாள். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பது அவள் கணக்கு.

கூட வேலைக்கு வந்தவள் புஷ்பவள்ளி. அடுத்த அடுக்குமாடி புளோக்கில் தனியாக இருக்கிறவள், குமுதாவுக்கு மூத்தவள். படுத்த படுக்கையாகக் கிடந்த புருஷனைக் கடைசி வரை பார்த்து அனுப்பிவிட்டு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வேலைக்கு வந்தாள். கை கொஞ்சம் மெதுவு. ஆனால் அவள் துடைத்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே குமுதா அவளிடம் ஒரு சட்டம் சொல்லியிருந்தாள். "சிவப்புத் துணி கக்கூசுக்கு, நீலம் அடுப்படிக்கு. மாறவே கூடாதுக்கா." புஷ்பவள்ளி அதைச் சாமி காரியம்போல் கடைப்பிடித்தாள்.

இருவருக்கும் நல்ல வீடு என்றால் அது டத்தோ கிராமாட்டில் சலேஹா வீடுதான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவள் புருஷனுக்குத் துணிக்கடை. மாடி வீடு. சலேஹா கெட்டவள் இல்லை. போனதும் தேத்தண்ணி கொடுப்பாள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஆனால் சுத்தம் என்று வந்துவிட்டால் அலமாரி உச்சியில்கூட விரலை ஓட்டிப் பார்ப்பாள்.

ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது அவள் சொன்னாள்: "குமுதா, பிள்ளைங்க ரெண்டும் வேலைக்குன்னு கே.எல். போயிடுச்சுங்க. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். இனிமே நாலு மணி நேரம் வேணாம்லா, ரெண்டு மணி நேரம் போதும். வீடு மட்டும் எப்பவும்போல இருக்கணும், ஆமா."

"செஞ்சிடலாம்க்கா."

கேட்டைத் தாண்டியதும் புஷ்பவள்ளி கேட்டாள். "எதச் செய்யணும், எத விடணும்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேற ஆளப் பாத்துக்குவாங்கக்கா. கொஞ்சம் வேகமாச் செஞ்சா ஆயிடும்."

ஆகவில்லை. பிள்ளைகள் போனதால் அறைகள் குறைந்துவிடவில்லை. ஆள் இல்லாத அறையில் தூசி இன்னும் நன்றாகத் தெரிந்தது. போதாததற்கு, நேரம் குறையக் குறைய சலேஹாவின் கண்ணில் புதுப் புது இடங்கள் பட்டன. ஒரு வாரம் காற்றாடி இறக்கை, ஒரு வாரம் சன்னல் கம்பி, ஒரு வாரம் ஐஸ்பெட்டிக்குள். எல்லாவற்றுக்கும் குமுதா தலையை ஆட்டினாள். முன்னாடியே போனார்கள், பிந்தி வந்தார்கள். அப்போதும் முடியாமல், கண்ணில் படாத இடத்தைக் குமுதா விட ஆரம்பித்தாள். சோபாவுக்கு அடியில் பெருக்கவில்லை. மாடி துடைத்த அழுக்குத் தண்ணீரிலேயே கீழ்வீட்டையும் துடைத்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அது நெஞ்சை உறுத்தும். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

"எனக்கு இப்படிச் செய்ய வரல குமுதா," என்று புஷ்பவள்ளி ஒருநாள் சொன்னாள்.

"வராட்டி வீட்டுல இருங்க," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள் குமுதா. சொன்ன பிறகு வருந்தினாள்.

கே.எல். போயிருந்த சலேஹாவின் மகள் ஃபாத்தினைப் பெண் கேட்டு ஆட்கள் வருவதாக இருந்த அன்றைக்கு நடந்தது இது. வீடே பரபரப்பாக இருந்தது. புஷ்பவள்ளி மேலே பால்கனிக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கும் துணிகள் இருந்த பையும் அவளோடு மாடியில் இருந்தது. குமுதா கீழே கக்கூசை முடித்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். கையில் சிவப்புத் துணி. நீலத்துணிக்கு மாடி ஏற வேண்டும். விருந்தாளிகள் வரும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து சிவப்புத் துணியை அலசினாள், இரண்டு முறை பிழிந்தாள். அப்புறம் அதாலேயே அடுப்பையும் மேடையையும் துடைத்தாள். துடைக்கும்போது அவள் கை கூசியது. ஆனாலும் துடைத்து முடித்தாள்.

"குமுதா, இந்தக் கம்பளத்தக் கொஞ்சம் பிடியேன்!" என்று முன்கூடத்திலிருந்து குரல் வரவும், துணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். கம்பளத்தை விரித்ததும் சலேஹா அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வா."

குமுதா போனாள். மாடி வேலை முடிந்து வாளியோடு இறங்கி வந்த புஷ்பவள்ளியும் பின்னாலேயே வந்து நின்றாள். பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது சிவப்புத் துணி.

"இது கக்கூஸ் தொடைக்கிறது இல்ல? நீதானே எனக்கே சொன்ன, சிவப்பு அதுக்குன்னு? யாரு இத இங்க கொண்டாந்தது? அல்லாவே, சோறு வைக்கிற எடம்!"

நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவள் திரும்பினாள்.

"புஷ்பாக்கா! எத்தன தடவ சொல்லியிருக்கேன் ஒங்களுக்கு!"

புஷ்பவள்ளி அவளைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அடுப்படிப் பக்கமே வரவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். குமுதாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள்.

"இத்தன வயசாச்சு, எது சுத்தம் எது அசுத்தம்னு தெரியாதாம்மா?" என்றாள் சலேஹா.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றாள் புஷ்பவள்ளி. நீலத்துணியை எடுத்து, சோப்புத் தண்ணீர் கலந்து, அந்த மேடையை முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தாள்.

பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். மறு வாரம் வேலைக்கு வரவில்லை.

குமுதா தனியாகப் போய் அந்த வீட்டைத் துடைத்தாள். "அந்தம்மாவ நிப்பாட்டிட்டியா? நல்லதுலா," என்றாள் சலேஹா. அந்த வார்த்தை குமுதாவை அறைந்தது. அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே அடுத்த புளோக்குக்குப் போய்ப் புஷ்பவள்ளியின் கதவைத் தட்டினாள்.

"எங்கிட்ட கோவமாக்கா?"

புஷ்பவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கோவம் என்ன கோவம். வேலையவிட்டுத் தூக்கினாக்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் படுத்திருந்தப்ப எல்லாத்தையும் இந்தக் கையாலதான் அள்ளுனேன். ஒருநா, ஒருபொழுது, கழுவாத கையால சோத்துப் பானையத் தொட்டதில்ல. அப்படிப்பட்டவள, அசுத்தம் புடிச்சவள்னு ஒருத்தங்க வீட்டுல நிக்க வச்சுட்டியே குமுதா."

"நீங்க ஏன்க்கா அப்பவே சொல்லல, நான் இல்லன்னு?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

குமுதாவுக்கு அழுகைகூட வரவில்லை. மறுநாள் வேலை நாள் இல்லை. இருந்தும் டத்தோ கிராமாட்டுக்குப் பஸ் ஏறினாள்.

சலேஹா கதவைத் திறந்ததும் குமுதா வாசலிலேயே நின்று சொன்னாள். "அந்தத் துணியப் போட்டது நான்தான்க்கா. புஷ்பாக்கா அன்னிக்கு மாடியில இருந்தாங்க. சோபாவுக்கு அடியிலயும் நான் பெருக்கி மாசக் கணக்காச்சு."

சலேஹா வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தம்மாவ என்னா பேச்சுப் பேசிட்டேன்!" பிறகு கேட்டாள்: "ரெண்டு மணி நேரத்துல ஆவாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேற ஆள் வச்சிடுவீங்கன்னு பயந்தேன்."

சலேஹா கொஞ்சம் யோசித்தாள். "வச்சிருப்பேனோ என்னமோ," என்று ஒத்துக்கொண்டாள். "நேரத்தக் கொறைச்சுட்டு வேலையக் கூட்டுனது என் தப்பும்தான். ஆனா குமுதா, இனிமே நீ தொடைச்ச அடுப்படியில நின்னு எனக்குச் சமைக்க முடியாது. கோவிச்சுக்காத. அந்தம்மா வருவாங்களா, கேட்டுச் சொல்றியா?"

திரும்பும் வழியெல்லாம் ஒரு எண்ணம் அவளைக் குடைந்தது. சலேஹா கூப்பிட்டதைப் புஷ்பவள்ளியிடம் சொல்லாமலே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அப்படி நினைக்கத் தோன்றியதற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. நேராகப் போய்ச் சொன்னாள்.

புஷ்பவள்ளி அவள் எதிரிலேயே சலேஹாவுக்குப் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்த சலேஹாவை, "அது முடிஞ்சுபோச்சும்மா," என்று நிறுத்தினாள். "நான் வர்றேன். ஆனா என் கை வேகம் இவ்வளவுதான். ரெண்டு மணி நேரம்னா ஒரு வாரம் கீழ்வீடு, மறு வாரம் மாடி. காத்தாடி, கம்பியெல்லாம் வேணும்னா அன்னிக்கு நேரத்தக் கூட்டிக் குடுங்க. ஒத்துவருமாம்மா?"

அந்தப் பக்கத்திலிருந்து சலேஹாவின் குரல் கேட்டது. "சரிம்மா, அப்படியே செய்ங்க."

அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் தன்னால் முடியாமல் போயிற்றா என்று குமுதா அந்த நாற்காலியிலேயே குறுகி உட்கார்ந்திருந்தாள். இதைச் சொல்லப் பயந்துதான் ஒரு மனுஷியைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

இப்போதும் குமுதாவுக்கு வேறு வீடுகள் உண்டு. தனியாகத்தான் போகிறாள். யாராவது நேரத்தைக் குறைத்தால், எந்த வேலையை விடலாம் என்று கேட்டுவிடுகிறாள். கேட்கும்போது குரல் நடுங்கத்தான் செய்கிறது. ஒரு வீடு அதனாலேயே கைவிட்டும் போயிற்று.

காலையில் புஷ்பவள்ளியும் அவளும் அதே பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள். பசாரில் மீன் விலை, முழங்கால் வலி என்று பேச்சு ஓடும். மனம் தாங்காமல் குமுதா மறுபடி ஒருநாள் மன்னிப்புக் கேட்டாள்.

"எத்தன தடவ கேப்ப? அன்னிக்கே மன்னிச்சாச்சு," என்றாள் புஷ்பவள்ளி. அப்புறம், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி சொன்னாள்: "ஆனா ஒன்கூட வேலைக்கு மட்டும் கூப்பிடாத குமுதா. அது இனி ஆவாது."

பஸ் வந்தது. குமுதா ஒதுங்கி நின்று அவளை முன்னால் ஏறவிட்டாள்.