நான் கேட்காமல் விட்ட பாதிப் பேச்சு

இதை எழுதவா வேண்டாமா என்று சில வருஷமாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். எழுதினால் நான் நல்லவனாகத் தெரியமாட்டேன். அதுதான் தயக்கம்.

எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்பு. தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை. கம்ப்யூட்டர் கடையிலேயே பழகியது. என் சிநேகிதர் ஒருவர் தமிழை வாய்விட்டு வாசிக்கும் புரோகிராம் எழுதினார். சாகக் கிடந்தபோது அதன் மூலநிரல் தொகுப்பை என்னிடம் தந்து, "ஒரு எழுத்து மாத்தப்பிடாது, கேட்டியா?" என்றார். மாதா பீடத்தில் மெழுகுதிரி கொளுத்தி, மாற்றமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். லினக்ஸ் இயங்குதளத்தில் அதை பில்ட் பண்ண, அதாவது மூலநிரலை ஓடுகிற புரோகிராமாகக் கட்ட, கம்ப்யூட்டர் படித்துச் செய்யும் குறிப்புகளை மட்டும் ஒரு தனிக் கோப்பில் நானே எழுதி வைத்திருந்தேன்.

சர்க்கரை நோயில் என் மனைவிக்குப் பார்வை போயிற்று. நான் கடைக்குப் போன பின் பகல் முழுக்க அவளுக்குத் துணை அந்தப் புரோகிராம்தான். விசையைத் தடவி அழுத்துவாள், அது பைபிளிலிருந்து நற்செய்தி வாசிக்கும்.

உப்புக்காற்றில் வீட்டுக் கம்ப்யூட்டர் அரித்துப்போனது. கல்ஃபிலிருந்து வந்த மனைவியின் தம்பி உள்ளங்கை அளவில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். அதற்காகப் புரோகிராமைத் திரும்ப பில்ட் பண்ணினால் முதல் படியிலேயே நின்றது. இந்த இயந்திரம் எந்த வகை என்று அதற்குத் தெரியவில்லையாம்.

தம்பி திரையைப் பார்த்துச் சிரித்தான். "அத்தான், இது எந்த மெசின்னு கண்டுபிடிக்கதுக்கு உள்ள ரெண்டு பைல் இருக்கு. ரெண்டும் பழசு. இந்த மெசின் பொறக்கதுக்கு முன்ன உள்ளது. ஒங்க குறிப்புல ஒரு வரி போட்டா பில்ட் பண்ணும்போ அதுவே புதுச மாத்தி வச்சுக்கிடும்."

"மாத்தவா? செத்தவருக்க சொத்துல கை வைக்கச் சொல்லுதியா?"

"முழுசும் கேளுங்க அத்தான்."

"ஒனக்க கல்ஃப் புத்திய அங்கயே வச்சுக்க. எறங்குல வெளிய!"

"ரெண்டு பைலக் கும்பிட்டுட்டு இருங்க. அக்கா சும்மா இருக்கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு கல்ஃபுக்கும் போய்விட்டான்.

அந்தத் தவக்காலம் முழுக்க அவளுக்கு நற்செய்தி இல்லை. சாயங்காலம் நானே வாசித்துப் பார்த்தேன். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பகுதியில் அவள் கையால் தடுத்தாள்.

"போதும். நீங்க வாசிக்கது வழக்குப் பேசுகது மாதிரி இருக்கு. எனக்க தம்பிய நெனச்சோண்டா வாசிக்கிய?"

உண்மைதான். நினைத்துக்கொண்டுதான் வாசித்தேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், அவன் சொன்னது தப்பு என்று காட்டவே, அவன் சொன்ன அந்த ஒரு வரி எது என்று நெட்டில் தேடி, அதன் ஆங்கில விளக்கத்தை வாசிக்க அகராதியோடு உட்கார்ந்தேன். அந்த வரி, பில்ட் பண்ணும்முன் பழைய இரண்டு கோப்புகளையும் எடுத்து ஓரமாக வைக்கும். கணினியில் இருக்கும் புதியவற்றை அந்த இடத்தில் போடும். வேலை முடிந்து சுத்தம் செய்யும்போது பழையவற்றை இருந்தபடியே திரும்ப வைக்கும். சிநேகிதர் தந்ததில் ஒரு எழுத்தும் மாறாது. போதாததற்கு, அந்த இரண்டையும் திறந்து பார்த்தால் அவர் எழுதினவையே அல்ல. புரோகிராம் எழுதுகிற எல்லோரும் எடுத்துச் சேர்க்கும் பொதுக் கோப்புகள்.

இதைத்தான் அவன் முழுசும் கேட்கச் சொன்னான். நான் விரட்டினேன்.

என் குறிப்பில் அந்த வரியைப் போட்டேன். பில்ட் நிற்காமல் ஓடியது. பாஸ்காவன்று, ஈஸ்டர் காலையில், அவள் விசையைத் தடவி அழுத்தினாள். வாசிப்பு தொடங்கியதும் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அவன்கிட்ட சொல்லியாச்சா?" என்றாள்.

போன் பண்ணினேன். "அத்தான், ஜெயிச்சது நானாக்கும்" என்றான். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிடிக்காமல்தான் கேட்டேன். மனசு இளகக் கேட்டு செபமாலை சொல்கிறேன், இன்னும் இளகவில்லை.

பழைய தொகுப்பை வைத்துக்கொண்டு என்னைப்போல் யாராவது வீம்பு பிடித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இதைக் கொடுங்கள். என்னை நல்லவனாக்க ஒரு வரியும் திருத்தாதீர்கள், பாதியில் வெட்டியும் கொடுக்காதீர்கள். பாதி கேட்டு நான் செய்தது போதும்.