ஆத்தாளுக்குக் கொடுத்த உப்பு

என் அண்ணன் தா.பழூரில் நெல் வயல்காரர். பிரஷர் இருந்தது; மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் இல்லை. கால் வீங்கியபோது சேற்றில் நின்றதால் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் போயிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். ஒரு வருஷம்கூட அவர் தாங்கவில்லை.

அதைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்தும் புத்தி வரவில்லை.

குரும்பலூர் பக்கத்தில் நாங்கள் சின்ன வெங்காயம் போடுகிறோம். குத்தவைத்தே களை எடுத்து முழங்கால் போய்விட்டது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுவேன். பிரஷர் மாத்திரையை மட்டும் தலை வலித்தால்தான் போடுவேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்ற திமிர்.

போன வருஷம் பங்குனி வாக்கில் சிறுநீர் நுரைத்து நுரைத்துப் போனது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே உப்பியிருக்கும். அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. பயந்தேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால் அதுதான் என்று வந்துவிடுமே.

அந்த நேரம் எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். நானும் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டினால் செருப்புப் போட மாட்டோம். மருந்தும் வாயில் படக் கூடாது என்று நானாக ஒரு சட்டம் போட்டு, எப்போதாவது போட்ட பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினேன். ஆனால் முழங்கால் வலி மாத்திரையை நிறுத்தவில்லை. என் பக்தியின் லட்சணம் அப்படி.

எட்டாம் நாள், ஒரு படி உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கோயிலில் கொட்டினேன். உப்பு கரைவதுபோல நோய் கரையட்டும் என்று எங்கள் பக்கம் கொட்டுவோம். கொட்டியதைத் திரும்ப எடுக்கக் கூடாது. "ஆத்தா, எனக்கு என்னன்னு நீயே காட்டிக் குடுத்துரு. ஒளிஞ்சு ஒளிஞ்சு என்னால முடியல" என்று அழுதேன்.

அழுது முடித்துக் கூழுக்கு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் எங்கள் ஊர் நர்சு கலா. அவள் கையிலும் காப்பு. வெறுங்காலோடு நின்ற என் காலையே பார்த்தாள். மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. சட்டென்று குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"எத்தன நாளா இப்படிக்கா?"

"வெறுங்கால்ல நடக்குறேன்ல, அதான்."

"நானுந்தான் நடக்குறேன். எனக்கு வீங்கலையே. பிரஷர் மாத்திர போட்டீங்களா?"

"காப்புக் கட்டிருக்கேன் கலா."

"நான் கட்டலியா? சுகர் மாத்திரய முழுங்கிட்டுத்தான் சாமி கும்புட வந்தேன். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்கல."

கேட்டது கிடைத்துவிட்டது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. காட்டிக் கொடு என்றேன். கூழ் வாங்குவதற்குள் ஆத்தா காட்டிவிட்டாள்.

மறுநாளே கலா என்னைப் பெரம்பலூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். பிரஷர் நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. ரத்தம், சிறுநீர் இரண்டும் கொடுத்தேன். டாக்டரம்மா சொன்னார்: "யூரின்ல புரதம் ஒழுகுதும்மா. கிட்னி கெட ஆரம்பிச்சிருக்கு, கெட்டுப் போகல. பிரஷர் மாத்திரய ஒரு நாளும் விடக் கூடாது. அந்த வலி மாத்திரையத் தொடவே கூடாது. உப்பக் கொறைக்கணும்."

அண்ணனுக்குக் கிடைக்காத நேரம் எனக்குக் கிடைத்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அவருக்காக அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் குத்திக்கொண்ட அந்த ஊசிக்கு நான் போகமாட்டேன் என்று முடிவு பண்ணினேன்.

மாத்திரை சுலபம். உப்புதான் படுத்தியது. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நான்காம் நாளே ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆத்தாளுக்குக் குடுத்தத எடுக்குறியா?" என்றார். ஜாடியை மூடினேன். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் பிரஷர் அடங்கியிருந்தது. புரதம் முழுக்க நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருந்தது. ரத்த டெஸ்டின்படி கிட்னிப் பழுது அதற்குமேல் ஏறவில்லை. இனி ஆயுசுக்கும் மாத்திரை, ஆயுசுக்கும் டெஸ்ட். சரி என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குப் போட வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். பிரஷர் இருக்கிறவர்கள் கால் வீங்கட்டும், நுரை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிலருக்கு ஒன்றுமே தெரியாதாம். ஆத்தாளிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு வருஷா வருஷம் ரத்தமும் சிறுநீரும் கொடுங்கள். அவள் காட்டுவதைப் பார்க்க நாம் போய் நிற்க வேண்டும்.

இந்தப் பங்குனியிலும் காப்புக் கட்டினேன், காலை மாத்திரையை முழுங்கிவிட்டு. ஒரு படி உப்பு கொட்டினேன். கலாவுக்கு முன்னால் போய் வரிசையில் நின்றேன். அவள் குனிந்து என் காலை அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. கூழை உப்புப் போடாமல் வாங்கிக் குடித்தேன்.