வெயில் என்று சொன்னேன்

என் மருமகள் தெருவில் மயங்கி விழுந்தபோது, அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக் கூடியவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். ஊர் செவிலியர் ஓடி வந்து கேட்டார். "வெயிலுங்க" என்றேன். முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் சொன்ன பதில் அது. நடத்தியதில்கூட ஒரு குறை உண்டு. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தாண்டிவிடுவேன்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் இடையில் இருக்கிறது. நிலம் துண்டாகக் கூடாது என்று ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்கிற வழக்கம் எங்கள் குடும்பங்களில் அதிகம். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். ஒரே மகன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் பங்கு வைத்திருக்கிறான். வருடத்தில் பாதிக்கு மேல் சத்தீஸ்கரில் இருப்பான். மருமகளும் ஆறு வயதுப் பேத்தியும் எங்களோடு இருக்கிறார்கள். தங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு அறையில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நான் இரண்டு முறை நின்று தோற்றவன். இந்த முறை அதைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்கள்.

"வாத்தியாரய்யா, உங்க மருமக டிகிரி படிச்சிருக்குது. அதை நிக்க வெச்சா நீங்க நின்ன மாதிரித்தானுங்களே."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இனித்தது. வேட்புமனுவை நான் பூர்த்தி செய்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டித்தான் மருமகளுக்குச் செய்தியே சொன்னேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, "நான் பேசோணுமுங்களா மாமா?" என்று கேட்டாள். "கும்பிட்டாப் போதும் சாமி, பேசறதை நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

சின்னம் ஒதுக்கி இரண்டு நாள் இருக்கும். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, மருமக இன்னும் தலைக்கு ஊத்தலைங்க. பாஞ்சு நாள் தள்ளிப் போச்சு. காலைல வாந்தி வேற."

"இந்த நேரத்துலயா?"

"அதுக்கென்ன நேரங்காலம் பாத்தா வரும்? அது மூஞ்சில எத்தனை சந்தோசம் தெரியுமுங்களா?"

கருவைக் கலைத்துவிடுவது என்று முடிவு செய்து நான் அன்று போட்ட கணக்கை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. எங்கள் ஊர்களில் பெண் சிசுக்களுக்கு நடந்த கொடுமை நாடறிந்தது. அதனாலேயே இங்கே ஒரு பெண் கர்ப்பமானால் செவிலியர் உடனே பதிவு செய்து ஒரு எண் தருகிறார். அந்த எண் இல்லாமல் ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். முதல் குழந்தை பெண்ணாக இருந்து, பதிவான இரண்டாவது கரு திடீரென்று இல்லாமல் போனால் விசாரணை வரும். அது நியாயமான விசாரணை. ஆனால் நான் நினைத்தது தேர்தல் எதிராளியைப் பற்றி மட்டும்தான். "வாத்தியாரு ஊட்டுல ரெண்டாவதும் பொட்டப் புள்ளைனு பாத்துக் கலைச்சுட்டாங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஆகவே பதிவு கூடாது, ஸ்கேன் கூடாது, எங்கள் ஊர்க்காரர் யாராவது வேலை பார்க்கும் எந்த ஆஸ்பத்திரியும் கூடாது. செய்யாத பாவத்தின் பெயர் வந்துவிடக் கூடாது என்று பயந்து வேறொரு பாவத்துக்குள் இறங்கினேன்.

அவள் மசக்கையோடு ஓட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருக்கலாம். எங்கள் காட்டில் ஒன்பதாம் மாதம் வரை களை வெட்டுகிறார்கள். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் தெருத்தெருவாக நடக்கும், எங்கும் உட்காராத ஒரு வேட்பாளர் தேவைப்பட்டார்.

அன்று மாலை சமையலறை வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துப் பேசினேன்.

"இப்ப வேண்டாம் சாமி. எலெக்சன் முடியட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுப்பைத் தணித்துவிட்டு அவள் சொன்னாள்: "அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க மாமா."

"அவன் இருக்கற காட்டுல டவர் கெடைக்காது. கூட்டாளி போனுக்கு அடிச்சு நான் சொல்லிக்கறேன்."

நான் சொல்லவில்லை. அவனிடம் பேசினேன், அன்று இரவே பேசினேன். டீசலைப் பற்றியும் சின்னத்தைப் பற்றியும் பேசினேன். அவளிடம் போய், "பேசிட்டேன், சரின்னுட்டான்" என்றேன்.

மருந்துக் கடை வைத்திருப்பவன் என் பழைய மாணவன். கலைக்கிற மாத்திரை கேட்டேன். "யாருக்குங்க சார்?" என்று கேட்டான். "சொந்தத்துல, ஒறம்பரைல ஒரு புள்ளைக்கு" என்றேன். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. முதலில் ஒன்று, ஒரு நாள் விட்டு நாலு என்று விளக்கினான். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

மூன்றாம் நாள் மனைவி வந்து, "ஆயிருச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். இரத்தம் பட ஆரம்பித்திருந்தது. காரியம் முடிந்தது என்று எனக்கு நிம்மதி. அன்று மாலையே நோட்டீஸ் அடிக்கக் கிளம்பிப் போனேன். மனைவி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கோபம் தானாகத் தணியும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் கீழத் தெருவில் ஓட்டுக் கேட்கப் போனோம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுப்பார்கள். எடுக்கிற வீட்டை நிற்காமல் தாண்டிப் போனால் அந்த வீட்டு ஓட்டு போச்சு. அதனால் ஒவ்வொரு வாசலிலும் மருமகள் நின்றாள், குனிந்தாள், பொட்டு வாங்கினாள், கும்பிட்டாள். இரண்டாவது தெரு முனையில் என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"மாமா, வலது தோள்பட்டை கடுக்குதுங்க. மூச்சு இழுத்தாக் குத்துது. அடிவயிறும் வலிக்குது."

"காலைல இருந்து கும்பிட்டதுல பிடிச்சிருக்கும் சாமி. இன்னும் ரெண்டே தெருவு."

கூட வந்த பையன்கள் சிரித்தார்கள். "அக்கா ஜெயிச்சு செக்குல கையெழுத்துப் போட்டா கை சரியாப் போயிருங்க!" என்றான் ஒருவன். அவளும் சிரித்தாள். அதற்கு இரண்டு வாசல் தாண்டி, ஒரு பாட்டி ஆரத்தித் தட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அவள் சத்தமில்லாமல் மடங்கி உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள்.

செவிலியர் துணை சுகாதார நிலையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"என்னாச்சுங்க சார்?"

"வெயிலுங்க. காலைல இருந்து சாப்பிடல."

"நாளு கீது தள்ளிப் போயிருந்துச்சுங்களா?"

எதிராளியின் சித்தி மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

செவிலியர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இத்தனை வெளுப்பு வெயிலுக்கு வராதுங்க சார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பக்கத்து ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். அங்கே டாக்டரும் கேட்டார்: ஏதாவது மாத்திரை எடுத்தாரா? கட்டிலைச் சுற்றி ஊர்க்காரர்கள் நின்றார்கள். இல்லை என்றேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் அது சொட்டியது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கண்ணைத் திறந்தபோது முதலில் என்னைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஊசி போட வந்த பெண்ணின் கையைப் பிடித்து, "கலைக்கற மாத்திரை போட்டேனுங்க" என்றாள்.

அதன்பின் எல்லாரும் ஓடினார்கள். ஆம்புலன்ஸ் சேலத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நேராக அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வந்த பெண் டாக்டருக்கு என் மகள் வயதிருக்கும், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால்.

"கரு கர்ப்பப்பைல இல்ல, குழாய்ல இருந்திருக்கு. இந்த மாத்திரைக்கு அது கலையாது. ரத்தம் பட்டதும் முடிஞ்சுதுன்னு நெனச்சிருக்கீங்க. உள்ள வளர்ந்து குழாய் வெடிச்சு, வயிறு பூரா ரத்தம். தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"உள்ள ரத்தம் கட்டினா அங்க வலிக்கும். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தா என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

அந்தக் கரு எப்படியும் தங்கியிருக்காது என்றும் அவர்தான் சொன்னார். சில நாட்கள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஆனால் அதன் அடுத்த வாக்கியமும் என் காதில் விழுந்திருந்தது. ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஊசி மருந்திலேயே சரிசெய்து குழாயைக் காப்பாற்றியிருக்கலாம். இப்போது ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் ஒட்டிக் கிடக்கிறதாம். இனித் தானாகக் குழந்தை தங்குவது கஷ்டம்.

அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஜெயித்தாள். விழுந்த பெண்ணின் மேல் ஊருக்கு இரக்கம். முடிவு வந்தபோது நான் வராந்தாவில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். ஒரு தாதியிடம் நீட்டியபோதுதான் என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்கே உறைத்தது.

மகன் இரண்டு நாள் ரயிலில் வந்து சேர்ந்தான். கட்டிலருகே நின்று கேட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. யாரு போடச் சொன்னது?"

அவன் சரி என்றதாக நான் சொன்னது பொய் என்பது அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் போட்டேன்" என்றாள். "எலெக்சன் நேரமுன்னு."

அவன் வெளியே போய்விட்டான். வெகு சீக்கிரத்தில் சத்தீஸ்கருக்கும் போய்விட்டான். அங்கிருந்து அழைத்தால் பேத்தியிடம் மட்டும் பேசுவான். ஏழு மாதம் அப்படிப் போயிற்று. எல்லாம் தெரிந்த என் மனைவியும் என் மானத்துக்காக வாயைத் திறக்கவில்லை. மருமகள் காலையில் பஞ்சாயத்து அலுவலகம் போவாள். அவள் நாற்காலியில் நான் உட்காரலாம் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அவள் என்னை அங்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் அவள் நேராகச் சொன்ன ஒரே வார்த்தை அந்த மாதங்களில் அதுதான்.

மழைக்கு ரிக் வேலை நின்று மகன் வந்திருந்தான். மதியம் சாப்பிடும்போது என் தங்கையும் வந்திருந்தாள். மருமகள் அலுவலகத்தில் இருந்தாள்.

"அவளாத்தான அழிச்சுக்கிட்டா, நீ எதுக்குச் சாமி பட்ட மரமா நிக்கோணும்?" என்று தங்கை அவனிடம் ஆரம்பித்தாள். "ஒரு வாரிசு வேண்டாமா இந்தக் காட்டுக்கு? சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு புள்ளை இருக்குது. பாக்கலாம்."

மகன் மறுத்துப் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நான் மூடி வைத்த ஒன்று இப்படி ஒரு பெண்ணை வீட்டைவிட்டே தள்ளும் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுதான் இன்றும் என்னை நடுங்க வைக்கிறது.

"மாத்திரை வாங்கினது நான்" என்றேன். "போடச் சொன்னது நான். உன்கிட்டச் சொல்லிட்டேன்னு அதுகிட்டப் பொய் சொன்னதும் நான்."

தங்கை கரண்டியை வைத்தாள். என் மனைவி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் நிமிர்ந்தான்.

"டாக்டர் கேட்டப்பவும் பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ரெண்டு மணி நேரம்?"

"ஆமா."

அவன் கையைக் கழுவவில்லை. அப்படியே எழுந்து வாசலுக்குப் போனான். மாலையில் மருமகள் வந்து வண்டியை நிறுத்தும்வரை அங்கேயே இருந்தான். அவன் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது கேட்டது.

"ஏழு மாசம். ஒருக்கா, ஒரே ஒருக்கா எங்கிட்டக் கேட்டீங்களா, நெசமான்னு?"

"நீதான சொன்ன, நாந்தான் போட்டேன்னு."

"நான் சொன்னா நம்பீருவீங்களா? அத்தனை வருசம் என்னோட இருந்துட்டு?"

உள்ளே வந்தாள். முதல் முறையாக அவளுக்கு எதிரே நின்று, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"கண்ணு முழிச்சப்ப நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க மாமா. அப்ப சொல்லல. ஆஸ்பத்திரில அவரு கேக்கறப்பவும் பாத்தேன். வாத்தியாரு சொல்லாததை மருமக சொன்னா இந்த ஊர்ல யாரு நம்புவாங்க?"

மகன் தயங்கித் தயங்கி, இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம், வேறு வழி இருக்கும் என்றான். "பாக்கறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்" என்றாள் அவள். "இந்த ஊட்டுல இனி எனக்கு யாரும் முடிவு பண்ண வேண்டாம். ஊட்டுல இன்னைக்குச் சொல்லிட்டீங்க மாமா. நர்ஸம்மாகிட்டயும் போய்ச் சொல்லுங்க. அவங்க என்னையப் பாக்கறப்பெல்லாம் 'ஏன் கண்ணு, அப்படிப் பண்ணுன?'ன்னு கேக்கறாங்க."

அவள் போய் உடை மாற்றிக்கொண்டு வந்து, மகளுக்குத் தோசை ஊற்றினாள். எங்களில் யாருக்கும் ஊற்றவில்லை.

மறுநாள் காலை துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். மூன்று கர்ப்பிணிகள் எடை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாமா என்று நினைத்தேன். காத்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

செவிலியர் எழுதுவதை நிறுத்தினார். "அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டேனுங்க சார்."

"கேட்டீங்க."

"வெயிலுன்னீங்க."

"ஆமா."

"எல்லா ஊட்டுலயும் மறைப்பாங்க சார். எனக்குத் தெரியாததில்ல. ஆனா நாளு தள்ளிப் போகலைன்னு நீங்க சொன்னதும் நம்பிட்டனுங்க. ஏன்னா நீங்க சயின்ஸ் வாத்தியாரு."

எடை பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி என்னிடம் படித்தவள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செவிலியர் நோட்டைப் புரட்டி ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்தார்.

"எந்தக் கடைல வாங்குனீங்க?"

அது என் மாணவன் கடை. அவனுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். பெண்கள் மூவரும் காத்திருந்தார்கள்.

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.