சுமார் வயசு

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மாதமாக ஒரே பேச்சு. பத்திர எழுத்தர் ராஜாங்கத்துக்கு ஒன்பது வயசு குறைந்துவிட்டதாம். சட்டைப் பையிலிருந்து பேனா விழுந்துவிட்டது என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள். மேல்மலையனூருக்கு மூன்று அமாவாசை விடாமல் போனார், அதனால்தான் என்றது டீக்கடை. ராஜகிரி மலையில் ஏதோ ஒரு இலை இருக்கிறது, விடியற்காலையில் போய் மென்றுவிட்டு வருகிறார் என்றது ஆட்டோ ஸ்டாண்டு. மனுஷன் இரண்டாம் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறார், பெண் வீட்டில் வயசு உதைக்கிறது, அதற்காகச் செய்த கணக்கு இது என்று அவலூர்பேட்டை பஸ்ஸில் ஒருவர் கண்டக்டரிடம் சத்தியமே செய்தார்.

விசாரித்துப் பார்த்ததில் அமாவாசை பொய். இலையும் பொய். கல்யாணம் வேண்டுமென்றே கிளப்பிவிட்ட பொய். கிளப்பியவர் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அன்வர் பாஷா. "சும்மா ஒரு இதுக்கு" என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒன்பது வயசு மட்டும் நிஜம், காகிதத்தில் அச்சாகியிருக்கிறது. இரண்டு பக்கக் காகிதம். ஊர் பார்த்தது முதல் பக்கத்தை.

ராஜாங்கத்துக்கு இப்போது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருஷமாக அன்வர் பாஷா கடை வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறார். ஊரே அவரை 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடும். பழைய பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலத்தின் அளவு சென்ட் பிசகாமல் இருக்கும், எல்லைக்கல் எங்கே, வேப்பமரம் எங்கே, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். கையெழுத்துப் போடும் மனுஷனின் வயசு மட்டும் 'சுமார் 45'. வந்தவர்களுக்கே தங்கள் வயசு தெரியாது. "நீயே பாத்துப் போடு ரைட்டரே" என்று நிற்பார்கள். ராஜாங்கம் கழுத்தை ஒரு பார்வை, புறங்கையை ஒரு பார்வை பார்ப்பார், போட்டுவிடுவார். பிற்பாடு ஆதார் வந்தபோது பழைய கட்டுகளை எடுத்து ஒத்துப் பார்த்தார். முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வருஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான். அதைச் சொல்லிச் சொல்லியே அன்வர் பாஷாவின் காதில் பாதியைத் தேய்த்திருந்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தமிழினி ஒரு நாள் போன் செய்தாள். அவள் கம்பெனியில் ஊழியர்களின் அப்பா அம்மாவுக்கு இலவசமாக ஒரு ரத்தப் பரிசோதனை. "உடம்போட வயசு என்னன்னு சொல்லிடும் நைனா. அது தெரிஞ்சா வேகமா வயசாவறத கொஞ்சம் மெதுவாக்கலாம்."

"அதுக்கு மெஷின் எதுக்கு? நானே பாத்துச் சொல்லுவேன்."

"உன்ன நீயே பாத்துக்க முடியாது நைனா. அம்மாவும் குடுக்கணும், மறக்காத."

காலை ஏழு மணிக்கு லேபிலிருந்து ரூபினா ஸ்கூட்டியில் வந்தாள். ராஜாங்கத்துக்கு ஒரே குத்தில் ரத்தம் வந்தது. வள்ளியம்மாளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினாள். "பரவால்ல கண்ணு, நிதானமா எடு" என்றாள் வள்ளியம்மாள். அடுப்பில் பால் பொங்கிவிடுமே என்று ஒரு கண் அங்கேயே இருந்தது.

"ஆதார்ல இருக்குறது நீங்க பொறந்து எவ்ளோ வருஷம் ஆச்சுன்னு, அங்கிள்" என்று ரூபினா விளக்கினாள். "இது, உடம்பு எவ்ளோ தேஞ்சிருக்குதுன்னு. சக்கரை, கிட்னி, ரத்தம் எல்லாத்தையும் பாத்து ஒரு வயசு போடுவாங்க. நாலஞ்சு வருஷம் முன்னபின்ன இருக்கும்."

"அப்ப அதுவும் சுமார்தான்!" என்று ராஜாங்கம் குஷியாகிவிட்டார்.

ஐந்தாம் நாள் ராஜாங்கத்தின் போனுக்கு முடிவு வந்தது. அன்வர் பாஷா இரண்டு தாளாக அச்சடித்துக் கொடுத்தார். முதல் பக்கம்: ராஜாங்கம், வயது 62, உடலின் வயது 53. இரண்டாம் பக்கம்: வள்ளியம்மாள், வயது 55, உடலின் வயது 66. அதற்குக் கீழே சிவப்பில் இரண்டு வரி. ரத்த அளவு மிகவும் குறைவு, சர்க்கரை அதிகம், ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கவும்.

முதல் பக்கத்தை ராஜாங்கம் மேஜைமேல் விரித்தார். இரண்டாவதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அன்றைய நாள் அவருடையதாக இருந்தது. அந்தச் சிவப்பு வரியை வெளியே எடுத்தால் பேச்சு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிவிடும். ஒரு நாள்தானே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"எனக்கு இன்னா போட்டிருக்குது?" என்று கேட்டாள் வள்ளியம்மாள்.

"உனக்கு சுமார்."

"சுமார்னா பரவால்ல" என்று அவள் துவையல் அரைக்கப் போனாள்.

நாளைக்கு என்று வைத்த நாளில், ராஜாங்கம் தினமும் கூட நடக்கும் 'காலை நடையாளர் மன்ற'த்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். மன்றச் செயலாளர் விநாயகம், ரிட்டையர் ஆன டிரில் வாத்தியார். "ரைட்டரே, நம்ம மன்றத்துக்கே பெருமை" என்று கட்டிக்கொண்டார். அடுத்த நாள் பேப்பர் நிருபர் ஒருவர் வந்தார். அதற்கடுத்த வாரம் ஃபிளெக்ஸ் வந்தது. '62-இல் 53! இளமையின் இலக்கணமே!' படத்தில் ராஜாங்கத்தின் முடி ஈரத் தார் ரோடு போலக் கறுத்திருந்தது. நாற்பத்தைந்துக்குமேல் யாரும் மதிக்க மாட்டார்கள். விஞ்ஞானம் குறைத்தது போதாமல் ஃபிளெக்ஸ் கடைக்காரர் வேறு எட்டு வருஷம் தள்ளுபடி கொடுத்திருந்தார்.

காகிதம் வந்த இருபத்திரண்டாம் நாள் காலை பாராட்டு விழா. மன்றத்தார் நடந்து முடித்து உட்காரும் டீக்கடை வாசலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ரகசியத்தைச் சொல்லச் சொன்னார்கள். ராஜாங்கம் மைக்கைப் பிடித்தார்.

"நாலரைக்கு எழுந்துடுவேன். கேழ்வரகுக் கூழ், வெதுவெதுப்பா. எட்டு பாதாம், ராத்திரியே ஊறவெச்சு தோலுரிச்சது. நடந்துட்டு வந்ததும் சுடுதண்ணி. மத்தியானம் மூணு காய், பன்னெண்டரைக்கு டாண்ணு எல. அப்புறம் ஒரு மணி நேரம் தூக்கம். டென்ஷனே கெடையாது."

"ரைட்டரே, ஒரு சந்தேகம்" என்று பின்னாலிருந்து அன்வர் பாஷா கையைத் தூக்கினார். "பாதாம் தோல யாரு உரிக்கிறது?"

கூட்டம் சிரித்தது. ராஜாங்கமும் சிரித்தார். "வீட்லதான் பாய்."

"அந்தக் கூழு?"

"அதுவும் வீட்லதான்."

"அந்த வீட்டுக்கு எத்தினி பாதாம்?"

இதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.  வள்ளியம்மாள் பாதாம் தின்று அவர் பார்த்ததில்லை. அவள் மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று யோசித்தார். அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அன்று மன்றத்தார் பன்னிரண்டு பேர் அதே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் பெயர் தந்திருந்ததால் ரூபினாவும் பெட்டியோடு வந்திருந்தாள். கூட்டத்தில் அவரைப் பார்த்ததும் அக்கறையாகக் கேட்டாள்: "அங்கிள், அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ட்டீங்களா? செவப்புல போட்டிருந்துச்சே, அத நெனச்சிக்கிட்டே இருந்தேன்."

மைக் அணைக்கப்படவில்லை. நாற்பது பேருக்கும் கேட்டது.

"போயாச்சும்மா" என்றார் ராஜாங்கம்.

அந்தப் பொய்யும் மைக்கில் போனது. அன்வர் பாஷா சிரிப்பதை நிறுத்திவிட்டார். இரண்டாம் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்த கையை அவர் பார்த்திருந்தார். டீ கிளாஸை வைத்துவிட்டுக் கடை திறக்கப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று ராஜாங்கத்துக்கு இருந்தது.

பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வள்ளியம்மாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவரைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். "வந்துட்டியா, சுடுதண்ணி வெச்சிருக்குறேன்."

ராஜாங்கம் அந்தக் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். மேஜைக்கு எதிரே யாரோ ஒரு பார்ட்டியாக வந்து நின்றிருந்தால் அவர் பேனா தயங்கியிருக்காது. அறுபத்தைந்து என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். மெஷினே வேண்டாம். முப்பத்தைந்து வருஷமாக ஊர்க் கைகளையெல்லாம் பார்த்தவர், எட்டு பாதாமை நீட்டிய கையில் பாதாமை மட்டும் பார்த்திருக்கிறார்.

"கெளம்பு வள்ளி."

"எங்க? பன்னெண்டரைக்கு எல போட வேணாமா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"உனக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினாள்.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். பெஞ்சில் வள்ளியம்மாளுக்குப் பக்கத்தில் முன்னி என்று ஒரு அம்மா, சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர். ராஜாங்கம் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். இருபத்திரண்டு நாள் வேர்வையில் மடிப்பு நைந்திருந்தது. நீட்டினார். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் வள்ளியம்மாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சிவப்பு வரியைப் படித்தாள். மேலே தேதியைப் படித்தாள். அங்கே விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"அறுவத்தாறா?" என்றாள் கடைசியில். "உனக்கு அம்பத்தி மூணு, எனக்கு அறுவத்தாறு. அப்ப நான் உனக்கு அக்காவாய்யா? கால்ல உழுந்து கும்புடு."

முன்னி குலுங்கிச் சிரித்தார். "நல்லா கேளுக்கா!"

ராஜாங்கத்துக்கு நிஜமாகவே விழுந்துவிடலாம் போலிருந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நின்றார். காலையில் நாற்பது பேர் பார்க்கப் பொன்னாடைக்குக் குனிந்த கழுத்து, இப்போது பார்க்கிறார்கள் என்று விறைத்துக்கொண்டது.

உள்ளே டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினார். "ஒரு வாரத்துல வரச் சொல்லியிருக்காங்க. மூணு வாரம் ஆச்சு. ஏங்க இவ்ளோ லேட்டு?"

கேள்வி ராஜாங்கத்தைப் பார்த்துத்தான் வந்தது. 

"வீட்ல வேலைம்மா" என்றாள் வள்ளியம்மாள். "இவரு வா வான்னுதான் சொன்னாரு. நான்தான் அப்புறம் போலாம்னு இருந்துட்டேன்."

சொல்லும்போது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேதியைப் படித்தவள், தெரிந்தே சொன்னாள். மைக்கில் சொன்ன பொய்யைவிட இந்தப் பொய் ராஜாங்கத்தை அதிகம் சுட்டது. அறை சின்னது. அவருக்கு எந்தச் சுவரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா சர்க்கரைக்கும் இரும்புச் சத்துக்கும் மாத்திரை எழுதினார், ரத்தம் ஏன் குறைகிறது என்று பார்க்க இன்னும் சில பரிசோதனை எழுதினார். "இந்த வயசு நம்பரெல்லாம் ஏறும், எறங்கும். ஆறு மாசம் ஒழுங்கா பாத்துக்கிட்டா கொறையும். வேளைக்குச் சாப்புடணும், ஓய்வு வேணும். வீட்ல சமையல் யாரு?"

"நான்தான்."

"ஒரு மாசம் வேற யாராவது செய்யட்டும்."

இதற்கும் டாக்டரம்மா ராஜாங்கத்தைத்தான் பார்த்தார்.

மறுபடியும் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்த வள்ளியம்மாளுக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ராஜாங்கம் அங்கும் இங்கும் பார்ப்பதற்குள், வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த முன்னி தன் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்துவிட்டார். கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டது. "துன்னுக்கா மொதல்ல, அப்புறம் பேசலாம்." அது அவருடைய மத்தியானச் சாப்பாடு. வேண்டாம் என்று சொல்வதற்குள் முன்னி ஊருக்கு பஸ் வந்துவிட்டது. "டப்பா இருக்கட்டும், செவ்வாக்கெழம செவ்வாக்கெழம மாத்திரைக்கு வருவேன்" என்று ஓடிப் போய் ஏறிக்கொண்டார்.

வள்ளியம்மாள் இரண்டு அடையைத் தின்றாள். மூன்றாவதை அவரிடம் நீட்டினாள். ராஜாங்கம் தலையை ஆட்டினார். "நீயே துன்னு."

முதல் செவ்வாய்க்கிழமை ராஜாங்கம் டப்பாவைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக் கிளம்பினார். கட்டிலில் படுத்திருந்த வள்ளியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னா, வெறும் டப்பாவ எடுத்துகினு போற? ஒருத்தங்க சோறு போட்டுக் குடுத்த டப்பாவ காலியா திருப்பிக் குடுப்பாங்களா? உன் நைனா ஊட்ல அதுகூடச் சொல்லித் தரலியா?"

"கடைல ஏதாவது வாங்கிப் போட்டுக்குறேன்."

"அவங்க கடைல வாங்கியா குடுத்தாங்க? செஞ்சி குடு."

"நீ சொல்லு, நான் செய்யறேன்."

"நான் ஓய்வுல இருக்குறேன்" என்று அவள் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

கேழ்வரகு மாவைப் பிசைந்து ராஜாங்கம் அடை தட்டினார். தோசைக்கல்லில் அது அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம் போலத் துண்டு துண்டாகப் போனது. இரண்டாவது செவ்வாய் கீரையில் மண். மூன்றாவது செவ்வாய் அடை வட்டமாக வந்தது, உப்புப் போட மறந்துவிட்டார். வள்ளியம்மாள் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "நாம துன்னுக்கலாம், அவங்களுக்குக் குடுக்க வேணாம்" என்றாள்.

முன்னி இந்தச் செவ்வாய்க்கிழமையும் மாத்திரை வாங்க வந்து போனாராம். ரூபினா பார்த்திருக்கிறாள். டப்பா ராஜாங்கம் வீட்டு அலமாரியில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது.