குறையாத தண்ணீர்

எங்கள் வீட்டில் ஓர் அட்சய பாத்திரம் இருந்தது. துபாயிலிருந்து வந்தது. வெளியே நீலப் பெயின்ட், உள்ளே எவர்சில்வர், மேலே திருகு மூடி. காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம்வரை சில்லென்று இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத எங்கள் தெருவில் அதுவே பெரிய அதிசயம். அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்றும் அதில் இருந்தது. அது எனக்கும் மாமாவுக்கும் மட்டுமே தெரியும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துபாயில் கட்டட வேலை. விடுமுறைக்கு வந்தவர், எல்லோரும் எதிர்பார்த்த சென்ட் பாட்டிலை மறந்துவிட்டு இந்த ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். அம்மா தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வெயிலில் வேலை பார்க்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும் என்றார் மாமா. அங்கேயும் இங்கேயும் அடிக்கிறது ஒரே வெயில்தானே என்று சிரிக்கவும் செய்தார். அவர் சிரித்தால் பல் மட்டும்தான் தெரியும், அப்படிக் கறுத்துப்போயிருந்தார்.

திரும்பிப் போகிற அன்று என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏளா, இதுல உள்ள தண்ணி கொறையவே செய்யாது. யார்ட்டயும் சொல்லிரப்பிடாது, கேட்டியா? சொன்னா வரம் போயிரும்."

மாமாவுக்குக் கதை விடுவது கைவந்த கலை. துபாய் ஒட்டகங்களுக்குத் தமிழ் தெரியும் என்று ஏற்கெனவே ஒரு முறை என்னை நம்பவைத்து, பள்ளிக்கூடத்தில் மானத்தை வாங்கியவர். ஆகவே இதை நான் லேசில் நம்பவில்லை. கவனித்துப் பார்த்தேன். மாமா சொன்னது உண்மையாகத்தான் இருந்தது.

விடிவதற்கு முன்பே அம்மா கிளம்பிவிடுவாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, தலையில் துண்டு. விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீரை ஃபிளாஸ்க் நிறையப் பிடித்துக்கொள்வாள். தெருவில் இருந்த அடிபம்பு நான் பிறப்பதற்கு முன்பே கரித்துப்போயிருந்தது. கடல் உள்ளே வந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அது எந்த வழியாக வந்தது என்று தெருமுனைவரை போய்ப் பார்த்திருக்கிறேன். சைக்கிள் கடை மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் அம்மா வந்ததும் ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுப்பாள். நேரே வீட்டுக்குப் பின்னால் இருந்த உடங்காட்டு முள்மரங்களுக்குள் போய், மறைவாக ஒதுங்கிவிட்டு வந்த பிறகுதான் உட்காருவாள். அதற்குள் நான் மூடியைத் திருகியிருப்பேன். காலையில் ஊற்றிய தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருக்கும். நாளெல்லாம் வெயிலில் நின்ற ஒரு மனுஷி குடித்த பிறகும் குறையாத தண்ணீர். மூடி மூடியாக ஊற்றி நான் குடிப்பதை அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். மிச்சம் இருந்தால் அவளும் குடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சோதித்துப் பார்த்தேன். முழுவதையும் குடித்துவிட்டு, மூடியைத் திருகி, அது நிறையட்டும் என்று காத்திருந்தேன். நிறையவில்லை. வயிறு வலித்ததுதான் மிச்சம். அம்மா கையில் இருந்தால்தான் வரம் பலிக்கும் என்று முடிவுகட்டினேன். அவ்வளவு பெரிய ரகசியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிவது எத்தனை கஷ்டம் என்பது என்னைப்போல வாயாடியாகப் பிறந்தவர்களுக்குத்தான் புரியும்.

அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் வேலை பார்த்தார். அவர் கறுப்பாக வீட்டுக்கு வருவார், அம்மா வெள்ளையாக வருவாள். இரண்டு பேரையும் குளித்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரியும் என்று அப்பா கேலி செய்வார். அவர் இறக்கிய கரியின் புகைக்கும் அம்மா நின்ற வெயிலுக்கும் சொந்தம் உண்டு என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மறுநாள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

அம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடுமாம். மழை வருகிற மாதத்தில்தான் வருமாம். நான் பார்த்த வருடங்களில் இரண்டுமே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்த வருடம் சித்திரையில், உப்பு நன்றாக விளைந்து நின்ற நேரத்தில், கொட்டித் தீர்த்துவிட்டது. பாத்தி பாத்தியாக உப்பு கரைந்துபோனது. மழை விட்டதும் அடித்த வெயிலைப்போல ஒரு வெயிலை யாரும் கண்டதில்லை என்றார்கள். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார்கள். போன உப்பைப் பிடிக்கவேண்டும் என்று அளத்து முதலாளி மத்தியானத்திலும் வேலை வைத்தார். அம்மாவுக்குக் கால் வீங்கியது. சோறு குமட்டியது. சூடு பிடித்துக்கொண்டது என்று எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் உப்பு வாருகிற பலகையோடு பாத்திக்குள் விழுந்துவிட்டாள். கூட வேலை பார்த்த பெண்கள் உப்பு ஏற்றுகிற வண்டியில் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அங்கே கூட்டிப்போனார். ஃபிளாஸ்க் கட்டில் காலடியில் இருந்தது. நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ரத்தமும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வந்தார். இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருக்கின்றன என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு அம்மாவிடம், வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். நிறையக் குடிப்பேன் என்றாள் அம்மா. டாக்டரம்மா நம்பிவிட்டதுபோல் தலையை ஆட்டினார். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வரம் போனாலும் போகட்டும், எங்கள் அம்மாவின் பெருமை டாக்டருக்குத் தெரியட்டும் என்று தோன்றிவிட்டது.

"எங்கம்மா கொண்டுபோற தண்ணி கொறையவே செய்யாது. காலைல கொண்டுபோனா சாயங்காலமும் நெறயத்தான் இருக்கும்," என்றேன்.

டாக்டரம்மா என் மடியிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கித் திறந்து பார்த்தார். அப்பாவும் எட்டிப் பார்த்தார். அது நிறையத்தான் இருந்தது. இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அங்கன ஒதுங்க ஒரு செடி கெடையாது டாக்டரம்மா. கண்ணுக்கெட்டுன தூரம் வெட்டவெளி. தண்ணியக் குடிச்சா பொம்பளையாளு என்ன செய்ய?"

கூட வந்திருந்த பெண்கள் வாசல் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோருடைய தூக்குவாளியிலும் அன்றைக்குத் தண்ணீர் அப்படியே இருந்திருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

அதன்பிறகு அம்மா வேலைக்குப் போகவில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினுக்கு வாரம் தவறாமல் போய் வந்தாள். அடுத்த விடுமுறைக்கு முன்பே மாமாவும் வந்து சேர்ந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. அவருக்கும் அதே நோய். துபாயில் ஆண்கள் ஒதுங்க இடமுண்டு, தண்ணீரும் உண்டு, வெயில்தான் அதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. கடலுக்கு அப்பால் ஏதோ தேசத்தில் வெயிலில் கரும்பு வெட்டுகிற சனங்களுக்கும் இதே நோய் வருகிறதாம், ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். அக்காவும் தம்பியும் ஒரே பஸ்ஸில் ஏறி, அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்துவிட்டு வந்தார்கள். மாமா கதை விடுவதை நிறுத்திவிட்டார். இரண்டு பேருமே பிழைக்கவில்லை. முதலில் போனது அம்மா.

ஆனால் அது பிறகு. இடையில் சில மாதங்கள் அம்மா வீட்டில் படுத்திருந்தாள். அப்பா அவசர அவசரமாகப் பின்பக்கம் கக்கூஸ் கட்டினார். நல்ல சுவர், தாழ்ப்பாள் போட்ட கதவு. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. அவளுக்கு மூத்திரம் நின்றுபோயிருந்தது. குடித்தால் தண்ணீர் நெஞ்சில் ஏறிவிடும் என்பதால் அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நாக்கை நனைத்துக்கொள்ள அந்த ஃபிளாஸ்க்கின் மூடியில் பாதி. அந்த வருடத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பாதி மூடி.

எனக்கோ வேறு கவலை. ரகசியத்தை வெளியே சொன்னதால் வரம் போய்விட்டது, அதனால்தான் அம்மா இப்படிக் கிடக்கிறாள் என்று உறுதியாக நம்பினேன். அம்மாவுக்கு அது தெரிந்துவிடக் கூடாது. அதனால் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், யாருக்கும் தெரியாமல் ஃபிளாஸ்க்கைக் கழுத்துவரை நிரப்புவேன். மூடியைத் திருகி, அம்மாவின் காதருகே கொண்டுபோய்த் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்கும்படி மெதுவாக ஆட்டுவேன்.

"பாரும்மா, இன்னும் கொறையல."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். தொண்டை மட்டும் ஏறி இறங்கும். போதும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் ஆட்டுவேன்.